நாலு நாள், ஒரு கார், ஒரே ஆள்: வால்பாறையா, மஞ்சூர் வழியா, கொடைக்கானல் மேல்மலையா?

வால்பாறை ரோட்டின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரம் கட்டி இறங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. எட்டு வளைவு ஏறி வந்திருக்கிறேன்; கீழே பரந்து கிடக்கும் ஆழியாறு அணையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் தார் ரோடு, தடுப்புச் சுவர், எதிரே இறங்கி வரும் பேருந்தின் முன்கண்ணாடி. குடும்பத்தோடு போன காலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து "அங்க பாரு, இங்க பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நான். ஸ்டியரிங் கைக்கு வந்ததும் அந்த வேலை போய்விட்டது. சொன்னால் கேட்கப் பக்கத்தில் ஆளும் இல்லை.

தனியாகக் கார் எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் முதல் கணக்கு. எந்த ஊர் அழகு என்று என்னிடம் கேட்டால் பதில் இல்லை, எல்லாமே அழகுதான். ஓட்டுகிற ஆளும் பார்க்கிற ஆளும் ஒருவரே என்னும்போது, எந்த ரோட்டில் பயமில்லாமல் வண்டியை நிறுத்தி, இறங்கி, தண்ணீரையும் மலையையும் கண் நிறையப் பார்க்க முடிகிறது என்றுதான் கேட்க வேண்டும். ஐந்து வருடமாக வருடத்துக்கு ஒரு தடவை, நாலு நாள் விடுப்பு போட்டுவிட்டுத் தனியாகப் போய் வருகிறேன். அந்தக் கணக்கை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

நான் இருப்பது திருப்பூர். இங்கிருந்து பார்த்தால் மூன்று பக்கமும் மலை. தெற்கே பல்லடம், பொள்ளாச்சி தாண்டி வால்பாறை. வடமேற்கே அவிநாசி, அன்னூர் வழியாக நீலகிரி, அதில் ஊட்டிக்குப் பின்பக்கம் இருக்கிற மஞ்சூர். தென்கிழக்கே தாராபுரம், பழனி வழியாகக் கொடைக்கானல், அதைத் தாண்டி மேல்மலை ஊர்கள். மூன்றும் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் மலை மேல் இருக்கிற தூரம்தான். மூணாறை இதில் சேர்க்கவில்லை, அது தனிக் கதை. மேகமலை பற்றிக் கடைசியில் இரண்டு வார்த்தை சொல்கிறேன்.

பெட்ரோல் செலவை வைத்து முடிவெடுக்கப் பார்க்காதீர்கள். என் சின்ன கார் மலையில் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும். மேலே சுற்றுவதையும் சேர்த்தால் மூன்று பயணமுமே 350லிருந்து 400 கிலோமீட்டருக்குள் முடிகின்றன. ஆக, எங்கே போனாலும் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சொச்சம்தான். கையைக் கடிப்பது அறை வாடகை. இரண்டு பேருக்கான அறையைத்தான் எல்லா இடத்திலும் கொடுக்கிறார்கள், ஒரு ஆளுக்கு என்று பாதி வாடகை யாரும் வாங்குவதில்லை.

ஏரி யாருடையது?

ஏரி, ஏரி என்று போகிறோமே, இந்த மலைகளில் நாம் போய் நிற்கிற தண்ணீர் எதுவும் தானாக உண்டானதில்லை. ஊட்டி ஏரி 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டியது. கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வெரே லெவிஞ்ச் ஓடையைத் தடுத்து உண்டாக்கியது. மற்றவை அணைகள். எமரால்டு, அவலாஞ்சி, மேல் பவானி, பைக்காரா எல்லாம் மின்சாரத்துக்காகத் தேக்கிய நீர். சோலையாறும் நீராறும் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் சேர்த்து.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தண்ணீர் யாருடையதோ வாசல் கதவும் அவருடையது. மின்வாரியத்தின் அணை என்றால் அதன் மேல் நடக்க விட மாட்டார்கள். அணையைச் சுற்றி இருப்பது காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும், சொந்த வண்டி வாசலோடு சரி. வரைபடத்தில் நீலமாக ஒரு பெரிய திட்டைப் பார்த்துவிட்டு, ஆகா இங்கே போய்விடலாம் என்று கிளம்பினால் பாதி நேரம் ஒரு கம்பிக் கதவின் முன்னால்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். முதல் வருடம் எனக்கு அதுதான் நடந்தது. அதனால் நீலத் திட்டை நம்பாமல், ரோடு எங்கெங்கே தண்ணீருக்குப் பக்கத்தில் போகிறது, அங்கே யாருடைய நிலம் என்று பாருங்கள். வால்பாறையும் நீலகிரியும் இந்த ஒரு விஷயத்தில் ரொம்ப வேறுபடுகின்றன.

வால்பாறை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறக்குறைய 65 கிலோமீட்டர். ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும். நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. தனியாக ஓட்டுகிறவருக்கு இந்த எண் பலகை பெரிய துணை. எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே போகலாம். ரோடு நன்றாக இருக்கிறது. வளைவுகள் அகலம்; புதிதாக மலை ஓட்டுகிறவர்கூட இரண்டாவது கியரில் நிதானமாக ஏறிவிடலாம்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. இந்த ரோட்டைப் போட்ட பொறியாளர் லோம் பெயரில் இருக்கிறது. வண்டி நிறுத்த இடம் உண்டு. கீழே ஆழியாறு அணை முழுதாகத் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால், இல்லாவிட்டாலும் பெரும்பாலும், வரையாடுகள் தடுப்புச் சுவரிலேயே வந்து நிற்கும். மனிதர்களுக்கு அவை பழகிப்போய்விட்டன. அதற்காகக் கையில் பிஸ்கட்டை நீட்ட வேண்டாம். அடுத்து அட்டகட்டி. அதன் பிறகு கவர்க்கல் பக்கம் மஞ்சு இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு நடை வேகத்தில் போவதைத் தவிர வழியில்லை. மழைக்காலத்தில் அங்கே மதியம் பன்னிரண்டு மணியே மாலை ஆறு மாதிரி இருக்கும். வழியில், இந்த மலையில் தேயிலைத் தோட்டம் போட்ட முன்னோடிகளில் ஒருவரான கார்வர் மார்ஷுக்கு ஒரு சிலை இருக்கிறது. மஞ்சில் அதைப் பார்த்தால் யாரோ கையைத் தூக்கி வண்டியை நிறுத்தச் சொல்கிற மாதிரி இருக்கும்.

வால்பாறையை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் காட்சிமுனை இல்லை. ஊருக்குள் போன பிறகு இருக்கிற எஸ்டேட் ரோடுகள்தான். டவுனிலிருந்து நாலு பக்கமும் பிரிகிற ரோடுகளின் இரண்டு பக்கமும் இடுப்புயரத் தேயிலை. காடு மாதிரி அடைக்காது, பார்வை தூரம் வரைக்கும் போகும். எதிரே வண்டி வந்தால் கால் கிலோமீட்டருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். ஓரத்தில் ஒதுங்க அங்கங்கே இடம். சோலையாறு பக்கம் போகிற ரோட்டில் கொஞ்ச தூரம் கூடவே அணைத் தண்ணீர் வருகிறது. கேட்டும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு பானெட் மேல் ஃபிளாஸ்கை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாலும் கேட்க ஆள் கிடையாது. அக்டோபரில் போனால் அணை நிறைந்து, தண்ணீர் மரங்களின் காலைத் தொட்டுக்கொண்டு இருக்கும். ஏப்ரலில் அதே இடத்துக்குப் போனேன், செம்மண் படிக்கட்டு மாதிரி கரை தெரிந்தது. ஏரி பார்க்கப் போகிறவர்கள் கோடையில் வால்பாறைக்குப் போக வேண்டாம் என்பேன்.

எனக்கு இந்த ரோட்டின் மேல் இன்னொரு ஒட்டுதல் உண்டு. சின்ன வயதில் பல்லடம் பக்கம் அம்மாயி ஊரில் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில்தான் குளித்தோம். தண்ணீர் விடுகிற நாள் தெரிந்தால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிடுவோம். அந்த வாய்க்காலின் தலைமாடு இங்கேதான் இருக்கிறது. 1961இல் நேரு தொடங்கி வைத்த பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். நீராற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாகச் சோலையாறுக்கு வருகிறது. சோலையாறிலிருந்து பரம்பிக்குளம், பிறகு தூணக்கடவு, சர்க்கார்பதி மின்நிலையம், அங்கிருந்து மலையோரக் கால்வாயில் திருமூர்த்தி அணை, கடைசியில் எங்கள் வறண்ட மேட்டுக் காடுகள். மேற்கே கேரளத்துக் கடலுக்குப் போகிற நீரைக் கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். மேல் நீராறு அணைக்கட்டைப் போய்ப் பார்த்தபோது, இவ்வளவு சின்னதா என்று தோன்றியது. சின்னதுதான். ஆனால் நான் நீச்சல் பழகிய தண்ணீர் அது. திருப்பூர், உடுமலை, பொள்ளாச்சிக்காரர்கள் ஒரு தடவையாவது இதைப் பார்க்கத்தான் வேண்டும்.

குறையும் இருக்கிறது. ஒன்று மழை. தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து முட்டுகிற இடம் இது. சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் ஒன்று. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் மழையும் அட்டையும்தான். புல்லில் கால் வைத்தால் ஷூவுக்குள் ஏறிவிடும். உப்புப் பொட்டலம் ஒன்று காரிலேயே கிடக்கட்டும். இரண்டாவது, ஆறு. கூழாங்கல் ஆறு கணுக்கால் அளவுதான் என்று தோன்றும், பாறைக்கு அந்தப் பக்கம் ஆள் மட்டத்துக்குப் பள்ளம் இருக்கும். 2023இல் வால்பாறைப் பக்கம் ஆற்றில் குளித்த ஐந்து கல்லூரி மாணவர்கள் ஒரே நாளில் மூழ்கி இறந்துபோனார்கள். ஐந்து பேர் கூட இருந்தும் அப்படி. தனியாகப் போகிறவர்கள் கரையோடு நிற்பதுதான் சரி.

மூன்றாவது, யானையும் சிறுத்தையும். இங்கே தேயிலைக்கு நடுவிலேதான் காட்டுத் துண்டுகள், அதனால் விலங்குகளுக்கும் எஸ்டேட்தான் பாதை. யானை பக்கத்தில் இருந்தால் ரோட்டோரக் கம்பங்களில் சிவப்பு விளக்கு எரியும். வால்பாறையில் வேலை செய்கிற இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பு தொடங்கிய ஏற்பாடு. ஊர்க்காரர்களுக்குக் குறுஞ்செய்தியும் போகும். சிவப்பு விளக்கைப் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதில் வெட்கமில்லை. மாலை ஐந்தரைக்கு மேல் தேயிலைக்குள் நடக்காதீர்கள்.

தங்குவதற்கு டவுனில் சாதாரண லாட்ஜும், எஸ்டேட்டுகளில் கொஞ்சம் விலை கூடின பங்களாக்களும் உண்டு. நான் போன லாட்ஜில் சாவியைக் கொடுக்காமல் அந்த அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாரு வண்டிய நிறுத்தீட்டு வர்றாருங்களா?" சாரு யாரும் இல்லைங்க, நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன் என்றதும் ஒரு நிமிடம் யோசித்தார். அப்புறம் மாடி அறையை மாற்றித் தன் வீட்டுக்குப் பக்கத்து அறையைக் கொடுத்து, "ராத்திரி எதுனா வேணும்னா கதவத் தட்டுங்க கண்ணு" என்றார். ராத்திரி தோசையும் அவர் வீட்டிலிருந்தே வந்தது.

நீலகிரி, ஆனால் ஊட்டி இல்லை

ஊட்டி டவுனுக்குத் தனியாகக் காரில் போவது வீண் வேலை என்பது என் கருத்து. வண்டி நிறுத்த இடம் தேடியே ஒரு நாள் போய்விடும். ஏரிக்கரையில் நின்றால் குதிரைக்காரர், பலூன்காரர், போட்டோக்காரர். ஊட்டிக்குப் பின்பக்கம் இருக்கிற குந்தா பகுதி வேறு உலகம்.

அங்கே போக நான் சொல்கிற வழி மேட்டுப்பாளையம், குன்னூர் ரோடு இல்லை. காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூர் ஏறுகிற ரோடு. நாற்பத்து மூன்று வளைவு என்று கணக்குச் சொல்வார்கள். வால்பாறை ரோட்டின் அகலம் இதற்குக் கிடையாது. சில இடங்களில் எதிரே பேருந்து வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று சட்டம் சொன்னாலும், நான் நல்ல பிள்ளையாகப் பின்னால் எடுத்துவிடுவேன். வெள்ளியங்காட்டை விட்டால் மஞ்சூர் வரைக்கும் நம்பி நிற்கிற மாதிரி கடை இல்லை. செல்போனும் நிறைய இடத்தில் செத்துவிடும். யானை நடமாட்டம் அதிகம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, தமிழ்நாட்டில் நான் ஓட்டின ரோடுகளில் மனசை விட்டுப் போகாதது இதுதான் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கீழே முள்ளுக்காடும் வெயிலும். ஏற ஏறக் காற்று மாறும், மரம் மாறும். மலை உச்சியிலிருந்து கெத்தை மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் எதிர் மலையில் தெரியும். 1950களில் கனடா உதவியோடு தொடங்கிய குந்தா மின்திட்டம். மேலே அவலாஞ்சி, எமரால்டில் தேங்குகிற அதே தண்ணீர் சுரங்கத்திலும் குழாயிலும் இறங்கி, ஒரு மின்நிலையம் விட்டு இன்னொன்று என்று வேலை பார்த்துவிட்டு, பில்லூரில் போய்ச் சேர்ந்து கடைசியில் கோயம்புத்தூர்க்காரர்கள் வீட்டுக் குழாயிலும் வருகிறது. ஒரே நாளில் கீழிருந்து மேலே ஏறும்போது அந்தத் தண்ணீரின் பயணத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு போகலாம்.

பார்க்கலாம்தான், ஆனால் எங்கே நிறுத்துவது? இங்கேதான் இந்த வழி தோற்கிறது. காட்டுக்குள் நிறுத்தக் கூடாது, நிறுத்தவும் தைரியம் வராது. வளைவு திரும்பினதும் சூடான யானைச் சாணி கிடந்தால் காட்சியாவது ஒன்றாவது, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவோம். நான் போன தடவை ஒரு உபாயம் செய்தேன். கோயம்புத்தூரிலிருந்து மஞ்சூர் போகிற அரசுப் பேருந்து ஒன்றைக் காரமடையில் காத்திருந்து பிடித்து, அதன் பின்னாலேயே போனேன். டிரைவர் அண்ணனுக்கு எந்த வளைவில் யானை நிற்கும் என்று தெரியும். அவர் வேகத்துக்குப் போனால் போதும், எதிர் வண்டிகளையும் அவரே ஒதுக்கிவிடுவார். வழியில் தேநீருக்கு நின்ற இடத்தில், "நம்ம வண்டிக்கு எஸ்கார்ட்டுங்களா?" என்று சிரித்தார்.

மஞ்சூர் சின்ன ஊர். சூடாக டீயும் வர்க்கியும் கிடைக்கும். அங்கிருந்து எமரால்டுக்குப் போகிற ரோடு படுகர் ஹட்டிகள் வழியாகப் போகிறது. சரிவு முழுக்க கேரட், உருளை, பூண்டு, தேயிலை. எமரால்டு ஏரியை ஊர்ப்பக்கமிருந்து பார்க்கலாம், அதற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அவலாஞ்சிக்கு மட்டும் சொந்த வண்டி வனத்துறை கேட்டோடு நின்றுவிடும், உள்ளே அவர்கள் வண்டியில்தான் போக வேண்டும். குழுவாகப் போனால் ஒரு ஜீப் எடுத்துக்கொள்ளலாம். தனி ஆளுக்கு முழு ஜீப் வாடகை கட்டுபடி ஆகாது, ஆள் சேருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். நான் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டேன். அவர்கள் வீட்டுப் பாட்டி எனக்கும் சேர்த்துப் புளிசாதம் கொடுத்தார், அதனால் குறை சொல்ல மனசு வரவில்லை. சோலையும் புல்வெளியும் தண்ணீருமாக உள்ளே இருக்கிற காட்சிக்கு ஈடு கிடையாது என்பதும் நிஜம்.

இதைவிட எளிது, ஊட்டியிலிருந்து கூடலூர் ரோட்டில் காமராஜ் சாகர் அணையும் ஒன்பதாவது மைல் புல்வெளியும் பார்த்துவிட்டு பைக்காரா வரைக்கும் போய்த் திரும்புவது. ரோடு அகலம், நிறுத்த இடம் உண்டு, கூட்டமும் உண்டு. பைக்காரா மின்நிலையம் 1932இலேயே ஓடத் தொடங்கியது. இந்த மலைத் தண்ணீர் எவ்வளவு காலமாக வேலை செய்கிறது என்று அங்கே தெரியும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்கலாமா என்று யோசிக்காதீர்கள். முப்பத்தாறு வளைவு, கழுத்தை முறிக்கிற சரிவு. வெளியூர் வண்டி அந்த வழியில் இறங்க அனுமதி இல்லை. திரும்பி வரும்போது கோத்தகிரி வழியாக இறங்குங்கள். சீசனில் எப்படியும் ஏற குன்னூர், இறங்க கோத்தகிரி என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள்.

கொடைக்கானலைத் தாண்டினால்

பழனியிலிருந்து கொடைக்கானல் 64 கிலோமீட்டர். வத்தலக்குண்டு ரோட்டைவிட இதில் வண்டி குறைவு. பெருமாள்மலையில் இரண்டும் சேர்ந்துவிடும், அதற்கப்புறம் டவுன் நெரிசல். ஊருக்குள் நிற்காமல் நேராக மேல்மலைக்குப் போய்விட வேண்டும். பெட்ரோலை மட்டும் டவுனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

பூம்பாறை வருவதற்கு முன்னால் ரோட்டிலிருந்து ஊர் முழுதும் கீழே தெரிகிற ஓர் இடம் இருக்கிறது. அடுக்கடுக்காகப் பூண்டு வயல், நடுவில் ஓட்டு வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். நிறுத்த இடமும் உண்டு, வேகவைத்த சோளம் விற்கிற அக்காவும் உண்டு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கின மலைப்பூண்டு இதுதான். திரும்பும்போது இரண்டு கிலோ வாங்கிப் பின்சீட்டில் போட்டேன், கார் ஒரு மாதம் மணத்தது. அதைத் தாண்டி மன்னவனூர். டவுனிலிருந்து 35 கிலோமீட்டர். புல்மேட்டுக்கு நடுவில் ஏரி, வனத்துறை டிக்கெட், பரிசல். மத்திய அரசின் ஆட்டுப் பண்ணையும் அங்கேதான். கூக்கால் ஏரி இன்னும் அமைதி. கிளாவரையோடு ரோடு முடிந்துவிடும்.

ஓட்டுவதற்கு மூன்றிலும் சுலபமானது மேல்மலை ரோடுதான். கொடைக்கானல் வரைக்கும் ஏறிவிட்டோம் என்றால் அதற்கு மேல் பயமுறுத்துகிற ஏற்றம் இல்லை. ஊர்கள் வருகின்றன, ஆட்கள் இருக்கிறார்கள், டயர் பஞ்சர் ஆனால் நாலு பேர் ஓடி வருவார்கள். பேரிஜம் ஏரிக்கு மட்டும் வனத்துறைச் சீட்டு காலையிலேயே வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று அளவு உண்டு, யானை வந்துவிட்டால் மூடிவிடுவார்கள். பேரிஜம் வழியாக மூணாறு போகிற பழைய ரோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை 1990லேயே மூடிவிட்டார்கள்.

எனக்கு இங்கே இரண்டு கசப்பு. ஒன்று அறை. போனில் மூன்று இடத்தில் கேட்டேன், "சிங்கிளா தர்றதில்ல மேடம்" என்று வைத்துவிட்டார்கள். காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்கள், நமக்கே புரியும். தனியாக வரும் ஆண்களுக்கும் இதே பதில்தான் என்று பின்னால் தெரிந்தது. நாலாவது இடத்தில் முன்பணம் முழுதும் கட்டி வாங்கினேன்.

இன்னொன்று என் தப்பு. இறங்கும்போது பழனி ரோடு காலியாக இருந்தது. மூன்றாவது, நாலாவது கியரில் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினேன். பாதி வழியில் ரப்பர் கருகுகிற வாடை, அப்புறம் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. எப்படியோ கைப்பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து ஒரு டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டேன். கை நடுக்கம் நிற்கவே பத்து நிமிடம் ஆனது. காய்கறி ஏற்றி வந்த லாரி டிரைவர் சக்கரத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏறுன கியர்லயே எறங்கணும்க்கா. பிரேக்கு நிறுத்துறதுக்குத்தான், எறங்குறதுக்கு இல்ல." அரை மணி நேரம் சக்கரம் ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்து, இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டே பழனிக்கு வந்து சேர்ந்தேன். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனதையும் அவர்தான் தடுத்தார், சூட்டில் இரும்பு விரிசல் விட்டுவிடுமாம்.

மேகமலையையும் சொல்லிவிடுகிறேன். சின்னமனூரிலிருந்து ஏறினால் ஹைவேவிஸ், மணலாறு என்று தேயிலைக்கு நடுவே வரிசையாக அணைகள். ஏரி மட்டுமே வேண்டும் என்றால் இந்த நாலில் அதுதான் முதலிடம். ஆனால் திருப்பூரிலிருந்து தூரம். புலிகள் காப்பகம் என்பதால் சாவடி மாலையில் மூடிவிடும். ஏற ஒரு ரோடு, இறங்கவும் அதே ரோடு. தங்க இடம் கொஞ்சம்தான். 2023இல் அரிக்கொம்பன் யானை அந்தப் பக்கம் வந்தபோது சுற்றுலாவையே நிறுத்திவைத்தார்கள். துணைக்கு ஆள் கிடைத்தால் போகலாம் என்று வைத்திருக்கிறேன்.

மாதம் பார்த்து முடிவு செய்யுங்கள்

மூன்று மலைக்கும் மழை ஒரே நேரத்தில் வருவதில்லை. வால்பாறையும் அவலாஞ்சிப் பக்கமும் தென்மேற்குப் பருவத்தில் நனையும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது, அதை ரோடு தாங்குமா? கொடைக்கானலுக்கும், குன்னூர், கோத்தகிரி சரிவுகளுக்கும் அக்டோபர், நவம்பரில் வருகிற வடகிழக்குப் பருவம்தான் ஆபத்து. 2009 நவம்பர் மண்சரிவை நீலகிரிக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. அதனால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் என்றால் வால்பாறை. ஜனவரி, பிப்ரவரி என்றால் மஞ்சூர் அல்லது மேல்மலை. குளிரும், ஆனால் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். ஏப்ரல், மே விடுமுறையில் எங்கேயும் போகாதீர்கள்.

இ-பாஸ் மறக்க வேண்டாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கட்டாயம். 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கும் வந்துவிட்டது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உச்சவரம்பே வைத்தார்கள். செவ்வாய், புதன் கிழமைகளில் போனால் இ-பாஸ் வேண்டும்தான், ஆனால் இந்த உச்சவரம்புத் தலைவலி இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள். எவர்சில்வர் குடம் ஒன்றை சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு நான் போவதைப் பார்த்துச் சாவடிக் காவலர் சிரித்திருக்கிறார், அது வேறு.

முதல் தடவை தனியாகப் போகிறவர் என்னிடம் கேட்டால் வால்பாறை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நிறுத்திப் பார்க்கலாம், வழி தவறாது, ராத்திரி கதவைத் தட்ட ஆள் இருக்கும். ஓட்டுவதில் பயம் உள்ளவர்கள், ஊர்களும் ஆட்களும் பக்கத்தில் வேண்டும் என்பவர்கள் மேல்மலை போகலாம். அறையை மட்டும் முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள். மஞ்சூர் இரண்டு மலையாவது ஓட்டிப் பழகின பிறகு.

நான் வால்பாறைக்கு மூன்று தடவை போயாகிவிட்டது. வருகிற பிப்ரவரியில் மறுபடி மஞ்சூர், அதே பேருந்தின் பின்னால். பிரேக் கட்டை மாற்றச் சொல்லி வண்டியை மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறேன். வீட்டில் பெரியம்மாவிடம் மட்டும் ஊட்டி என்று சொல்லி வைத்திருக்கிறேன். மஞ்சூர் என்றால் அது எங்கே இருக்கிறது என்பார். கெத்தை வழியாக என்றால், அவருக்கு அந்த வழி நன்றாகவே தெரியும்.